இரண்டடி ரீஃப் தொட்டி: எந்த உயிரை எப்போது விடுவது?

என் முதல் கடல் மீன் ஒரு நீல டேம்சல். "விலை கம்மி, லேசில் சாகாது, தொட்டி செட்டாகும்வரை இது கிடக்கட்டும்" என்றார் விற்றவர். தொட்டி செட்டானது உண்மைதான். ஆனால் ஒன்றரை மாதம் தனியாக இருந்த அந்த மீன், தொட்டி முழுவதையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. அடுத்து வாங்கி வந்த ஃபயர்ஃபிஷ் மூன்று நாள் மூலையில் பதுங்கிக் கிடந்தது. நான்காம் நாள் காலை அலமாரிக்குப் பின்னால் கருவாடாகக் கிடந்தது. டேம்சலைப் பிடிக்க, அடுக்கி வைத்த பாறை அத்தனையையும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

கடல் தொட்டி வைக்கப்போகிறேன் என்பவர்கள் எல்லோரும் "என்ன மீன் விடலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். எதற்கு அடுத்து எதை விடுவது என்று யாரும் கேட்பதில்லை. பாதித் தொட்டிகள் இதில்தான் கெட்டுப்போகின்றன. அதனால் மாத வரிசைப்படியே சொல்லிப் போகிறேன். மனதில் இருப்பது சென்னை மாதிரி வெக்கையான ஊரில், ஒரு ஹாலின் ஓரத்தில் இருக்கும் இரண்டடி ரீஃப் தொட்டி, அதாவது மீனோடு பவளமும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி.

தொட்டி, தண்ணீர், வெக்கை

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 127 லிட்டர். பாறையும் மணலும் போனால் 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சின்னதாகப் பார்க்காதீர்கள். சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும், உண்மை நேர்மாறு. 20 லிட்டர் தொட்டியில் ஒரு நத்தை செத்தாலே தண்ணீர் கெட்டுவிடும். தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்த்து 150 கிலோவைத் தாண்டும், அதனால் டிவி மேசை தாங்காது. இரும்பு ஸ்டாண்ட் வேண்டும்.

கூடவே ஒரு ஃபில்டர், அலை உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்று, பவளத்துக்கான எல்ஈடி விளக்கு, உப்பளவு பார்க்க ரெஃப்ராக்டோமீட்டர், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை பார்க்கும் கிட்டுகள். முக்கியமாக, மேலே வலை மூடி. மேலே சொன்ன கருவாடு மூடி இல்லாததன் விலை.

"மெரினாவில் நாலு கேன் பிடித்து வந்தால் ஆகாதா?" என்று கேட்காதவர் இல்லை. ஊரை ஒட்டிய கடற்கரைத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், ஒட்டுண்ணிகள் இருக்கும், மழை பெய்தால் உப்பளவும் மாறும். சமையல் உப்பும் உதவாது; அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். பவளம் தன் எலும்பைக் கட்டுவதற்குக் கால்சியம், மக்னீசியம், கார்பனேட் எல்லாம் வேண்டும். ரீஃப் தொட்டிக்கென்று விற்கும் உப்புப் பொடியைத்தான் வாங்க வேண்டும். 100 லிட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ ஆகும்.

கரைக்கும் தண்ணீர் உப்பைவிட முக்கியம். போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர் இரண்டும் வேண்டாம். வீட்டு ஆர்ஓ மெஷின் தண்ணீரையும் அப்படியே நம்பக்கூடாது. ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் மெஷின்கள் நிறைய உண்டு, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) 50, 80 என்று காட்டும். ஆர்ஓவுக்குப் பின், மிச்சமிருக்கும் அயனிகளையும் எடுத்துவிடும் ஒரு டிஐ குழாய் மாட்டி டிடிஎஸ் பூஜ்யத்துக்கு வந்த தண்ணீரே சரி. இதில் கஞ்சத்தனம் பார்த்தால் ஆறு மாதம் பாசி சுரண்ட வேண்டியிருக்கும்.

உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு); ரெஃப்ராக்டோமீட்டரில் 1.026க்குப் பக்கம். மீட்டரையும் 35 பிபிடி திரவத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்ணீரை வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்தினால் மட்டும் போதாது. இன்னொன்று: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த மட்டத்தை நிரப்ப உப்புக் கலக்காத அந்த டிஐ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீரை அல்ல. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.

அப்புறம் வெக்கை. ரீஃப் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது. மே மாதச் சென்னையில் ஒன்றும் செய்யாமல் விட்டால் தண்ணீர் 31, 32க்குப் போய்விடும். பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி அந்தச் சூட்டில் வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் கடலிலேயே இது நடந்தது. நூறு லிட்டருக்கு இன்னும் சீக்கிரம் நடக்கும். தண்ணீர் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் கடலோர ஈரக்காற்றில் அதன் வேலை பாதிதான். தண்ணீரும் வேகமாக வற்றும். நாள் முழுக்க ஏசி ஓடாத அறை என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ஹீட்டர் வாங்க வேண்டாம், அந்தக் காசு இங்கே வரட்டும்.

முதல் ஐந்து வாரம்: மீன் இல்லாத தொட்டி

பாறை வைத்து, மணல் போட்டு, உப்புத்தண்ணீர் ஊற்றியாயிற்று. பாறைகளை மணலுக்கு மேல் வைக்காமல் கண்ணாடித் தரையிலேயே உட்கார வைத்துவிட்டு மணலைச் சுற்றிப் போடுங்கள். காரணம் பின்னால் வரும். செயற்கைப் பாறை அல்லது பீங்கான் பாறையே வாங்குங்கள், கடலிலிருந்து பெயர்த்த பாறை வேண்டாம். அதற்கும் காரணம் உண்டு, அதுவும் பின்னால்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் ஆகாது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அது அளவாக இருந்தால் பயமில்லை. இந்த இரண்டு கூட்டமும் பாறையில் குடியேறிப் பெருக நாலைந்து வாரம் பிடிக்கும். அவற்றுக்கும் தீனி வேண்டுமே? மார்க்கெட்டில் வாங்கிய இறால் ஒரு துண்டைப் போட்டு அழுக விடலாம், ஆனால் வீடு நாறும். அம்மோனியம் குளோரைடு கரைசல் சொட்டு விட்டு அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) கொண்டுவருவது சுத்தமான வழி. பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் நாள் குறையலாம்.

எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்? இன்று 2 பிபிஎம் போட்டால் நாளை இதே நேரம் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதுவரை மீன் கடைப் பக்கம் போகாதீர்கள். போனால் கை சும்மா இருக்காது. இந்த வாரங்களில் விளக்கும் தேவையில்லை. போட்டால் பாசிக்குத்தான் விருந்து.

முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, நாளைக்கு ஆறு மணி நேரம் விளக்கு. ஒரு வாரத்தில் மணலும் பாறையும் காப்பிப் பொடி தூவியது போல் பழுப்பாகும். டயாட்டம் என்ற நுண்பாசி அது. புதிதாக வைத்தவர்கள் பயந்து மருந்து தேடுவார்கள். ஒன்றும் ஊற்றாதீர்கள், தானாகப் போகும். அதன் பின்னால் பச்சைப் பாசி வரும்.

ஆறாம் வாரம்: துப்புரவுக் கூட்டம்

பாசி கண்ணில் பட்ட பிறகுதான் நத்தை. முன்பே விட்டால் பட்டினியில் சாகும். ட்ரோகஸ் நத்தை நாலு, மணலுக்குள் புதைந்து மிச்சம் மீதியைத் தின்னும் நாஸேரியஸ் மூன்று போதும். கடையில் இருபது முப்பது சேர்ந்த 'செட்' என்று தருவார்கள். அந்த எண்ணிக்கை கடைக்கு நல்லது. ட்ரோகஸ் கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும், டர்போ நத்தை பெரும்பாலும் கவிழ்ந்தபடியே கிடக்கும், போகிற வழியில் பவளத்தையும் தள்ளிவிடும். துறவி நண்டு அழகுதான். ஆனால் வீடு மாற நினைத்தால் நத்தையைக் கொன்று ஓட்டை எடுத்துக்கொள்ளும். பெயருக்குத்தான் துறவி. விட்டே ஆக வேண்டுமென்றால் ஒன்றிரண்டு, கூடவே சில காலி ஓடுகள்.

நத்தை, இறால் வகைகள் உப்பளவு சட்டென்று மாறினால் தாங்காது. ஏர் குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுப் பழக்குங்கள்.

மீன்: சாது முதலில், ரவுடி கடைசியில்

நூறு லிட்டருக்கு ஐந்து சின்ன மீன். அதற்கு மேல் இடமில்லை. இரண்டு மீனுக்கு நடுவே இரண்டு மூன்று வாரம் இடைவெளி வேண்டும். புதிய கழிவுக்குத் தகுந்தபடி பாக்டீரியா பெருகட்டும். கூச்சமுள்ளவை முன்னால் வந்து தங்களுக்கு ஒரு பொந்து பிடித்துக்கொள்ள வேண்டும், இடம் பிடித்துச் சண்டை போடுபவை கடைசியில் வர வேண்டும்.

எந்த மீனானாலும் நேராகத் தொட்டிக்குப் போகாது. ஒரு 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. இதில் நான்கு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். உடலில் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. அதற்குத் தாமிர மருந்து உண்டு, ஆனால் அது நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் கொல்லும். பெரிய தொட்டியில் அதை ஊற்றவே முடியாது. அங்கே நோய் புகுந்தால் மீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு 76 நாள் தொட்டியைக் காலியாக விடுவது இந்தத் துறையில் பழகிய கணக்கு. நான்கு வாரம் பெரிதா, 76 நாள் பெரிதா என்று நீங்களே பாருங்கள்.

கடையில் பணம் கொடுக்கும் முன் இரண்டு வேலை. "கொஞ்சம் தீனி போடுங்க அண்ணா, பார்க்கிறேன்" என்று கேளுங்கள். தின்னாத மீனை அழகுக்காக வாங்காதீர்கள். அப்புறம் அவர்கள் தொட்டியின் உப்பளவைக் கேளுங்கள். பல கடைகளில் 1.020க்குக் கீழே வைத்திருப்பார்கள். உங்கள் தனித்தொட்டியை முதலில் அதே அளவில் வைத்து, பல நாளாகச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

கூரியரில் வந்த பை என்றால் வேறு கதை. அடைத்த பைக்குள் மீன் விட்ட மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அதனால் அம்மோனியா விஷம் குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகிவிடும். அதனால் திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டு விட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மூடிய பையை இருபது நிமிடம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமன் செய்து, திறந்து, உப்பளவு சரியாக இருந்தால் உடனே மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

சரி, வரிசைக்கு வருவோம். இனி சொல்லும் வாரம் மீனை வாங்கித் தனித்தொட்டியில் விடும் வாரம்; பெரிய தொட்டிக்கு அது நான்கு வாரம் கழித்துத்தான் போகும்.

ஏழாம் வாரம், மஞ்சள் வாட்ச்மேன் கோபி. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மாதிரி இருந்தாலும் மீன்தான். இதோடு ஒரு பிஸ்டல் இறாலையும் விடுங்கள். என்னைக் கேட்டால் சின்னத் தொட்டியில் இந்த ஜோடிக்கு இணையான காட்சி இல்லை. இறாலுக்குக் கண்பார்வை சரியில்லை, ஆனால் நாள் முழுக்க வளை தோண்டும். கோபிக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. வளை வாசலில் கோபி காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போது தன் மீசை ஒன்றைக் கோபியின் மேல் வைத்தபடியே வரும். கோபி வாலை ஆட்டினால் இரண்டும் உள்ளே. பாறையைத் தரையில் உட்கார வைக்கச் சொன்னது இதற்காகத்தான்: மணல் மேல் நிற்கும் பாறைக்கு அடியில் இறால் தோண்டினால் பாறை சரியும், கண்ணாடி போகும். இரவில் 'டப்' என்று சத்தம் கேட்டால் பதறாதீர்கள். கண்ணாடி உடையவில்லை, இறால் கொடுக்கைச் சொடுக்குகிறது.

ஒன்பதாம் வாரம் ஃபயர்ஃபிஷ், ஒன்றே ஒன்று. மூடி இருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

பன்னிரண்டாம் வாரம் டெயில்ஸ்பாட் ப்ளென்னி. பாறையில் படரும் மெல்லிய பாசியைச் சுரண்டித் தின்னும்; அதற்குள் பாசி சேர்ந்திருக்கும். ஒரு பொந்துக்குள் பின்பக்கமாக நுழைந்து முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு உங்களையே பார்க்கும்.

பதினைந்தாம் வாரம்தான் எல்லோரும் காத்திருக்கும் கோமாளி மீன். ஆசெல்லாரிஸ் வகை போதும்; மரூன் வகை பெரிதாகும், முரடு. தொட்டியில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபம் உள்ளிட்ட இடங்களில் இதன் குஞ்சு பொரிப்பு முறையை உருவாக்கிப் பயிற்சியும் கொடுத்திருக்கிறது. கடலிலிருந்து பிடித்ததை வாங்க ஒரு காரணமும் இல்லை. ஜோடி சேர்ப்பதும் சுலபம். கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண்தான். கூட்டத்தில் மேலோங்கியது பெண்ணாக மாறும். கடைக்காரர் ஆண், பெண் என்று குஞ்சைப் பிரித்துக் காட்டினால் சிரித்துக்கொள்ளுங்கள். அளவில் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விடுங்கள். பெரியது பெண்ணாகிவிடும், சின்னது அதன் முன் உடலை நடுக்கிப் பணியும். வளர்ந்த இரண்டைத் தனித்தனியே வாங்கிச் சேர்த்தால் ஒன்று மிஞ்சும்.

தீனி நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. உறைந்த மைசிஸ் (இறால் போன்ற குட்டி உயிர்), சின்ன பெல்லட். மீன் எப்போதும் பசித்தது போலத்தான் பார்க்கும், நம்பாதீர்கள்.

எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாதவை

சினிமா பார்த்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் நீல டேங் ஓரடி வரை வளரும், நீந்த ஆறடித் தொட்டி வேண்டும். மாண்டரின் மீன் கண்ணுக்குத் தெரியாத கோப்பிபாட் பூச்சிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில் அவை இருக்காது, மெலிந்து மெலிந்து சாகும். க்ளீனர் ராஸும் அப்படித்தான் பட்டினியில் சாகும். பட்டாம்பூச்சி மீன் பவளத்தைக் கொத்தும். சிங்க மீன் முள் குத்தினால் உங்களுக்கு ஆபத்து, உடனிருக்கும் மீன் அதற்கு இரை. டேம்சல் பற்றி ஏற்கெனவே புலம்பியாயிற்று.

கடற்குதிரை விஷயம் தனி. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிர். கடல் அட்டை, ராட்சதக் கிளிஞ்சல், கடல் விசிறி, ரீஃப் கட்டும் கல் பவளங்கள் எல்லாம் அப்படியே. ராமேஸ்வரம் பக்கம் போன உறவினர் "ஒரு கல் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அங்கே ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தே நிறையக் கரைந்துவிட்டது. முன்னே செயற்கைப் பாறை என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். கல் பவளத்தை யாராவது விற்றால் பில், இறக்குமதிக் காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். காகிதம் உள்ளதும் முதல் வருடத்தில் வேண்டாம்.

ஐந்தாம் மாதம்: பவளம்

இப்போது நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் என்று இரண்டு மூன்று வாரமாக ஆடாமல் நிற்கிறதா? நின்றால் ஆரம்பிக்கலாம். நைட்ரேட், பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கிக் காட்டுவதில் பெருமை இல்லை. பவளமும் பட்டினி கிடக்கும், டைனோ என்ற சளிப்பாசியும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும்.

முதலில் மென்பவளங்கள். காளான் பவளம் லேசில் சாகாது, குறைந்த வெளிச்சம், மந்தமான அலை போதும். பிறகு குடை போல் விரியும் தோல் பவளம். சில நாள் சுருங்கி மெழுகு பூசியது போல் நிற்கும், தோல் உரிக்கிறது, விட்டுவிடுங்கள். பச்சை நட்சத்திரப் பவளம் அலையில் புல்வெளி மாதிரி ஆடும், ஆனால் புல் போலவே படரும். தனிக் கல்லில், மற்ற பாறைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஸீனியாவும் அப்படித்தான்.

ஸோயாந்தஸ் எல்லோருக்கும் பிடிக்கும், எத்தனையோ வண்ணம். ஆனால் அதன் இனத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அது ஒட்டிய கல்லைக் கொதிக்க வைப்பதோ வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ கூடவே கூடாது. ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

வாங்கி வந்த பவளத்தைப் பவளக் குளியல் மருந்தில் முக்கி, ஒட்டிக்கொண்டு வந்த பூச்சி, நத்தை முட்டையைக் களைந்து, முதலில் மணல் மட்டத்தில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மேலே ஏற்றலாம். இரண்டு பவளத்துக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இரவில் ஒன்றையொன்று கொட்டிக்கொள்ளும்.

வாரா வாரம் பத்து லிட்டர் மாற்றுங்கள். புதுத் தண்ணீரை முந்தின நாளே கரைத்துச் சுழல விடுங்கள். மென்பவளம் மட்டும் இருக்கும் தொட்டிக்குக் கால்சியம் மருந்து தனியாகத் தேவைப்படாது, உப்பிலேயே வந்துவிடும். கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன், அதனால் வேவ்மேக்கர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும். புயல் நாட்களில் அது இல்லாமல் விடிய விடிய மக்கால் மொண்டு ஊற்றியிருக்கிறேன்.

கடலில் கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்)? ஒரு வருடத்துக்கு முன் வேண்டாம். அது இடம் பிடிக்கும்வரை தொட்டி முழுக்க நகரும், வேவ்மேக்கரில் மாட்டிக் கிழியும், கிழிந்தால் ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்து மற்றவற்றையும் கொண்டுபோகும். கோமாளி மீனுக்கு அது வேண்டியதும் இல்லை. ஆசைப்பட்டு நான் வாங்கி விட்ட சாமந்தியை என் ஜோடி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இன்றுவரை தோல் பவளத்தின் மேல்தான் படுத்துத் தூங்குகின்றன.